பெட்டி வாங்கும் முன் இட்டேரியைப் பாருங்கள்

இயற்கை வேளாண்மைக் கூட்டம் எங்கே நடந்தாலும் இப்போதெல்லாம் ஓரத்தில் ஒரு தேனீப்பெட்டிக் கடை இருக்கிறது. விதைக்கடையைவிட அங்கேதான் கூட்டம். வாங்கிக்கிட்டுப் போறவங்க முகத்துல ஒரு நிறைவு தெரியுது. தோட்டத்துக்கு வேண்டிய கடைசிப் பொருளும் கிடைச்சிருச்சுங்கற மாதிரி. நான் பெட்டிக்கு எதிரி இல்லை. ஆனால் ஊருக்குள் காலங்காலமாகக் குடியிருந்த தேனீயையும் வண்டையும் குளவியையும் வீடில்லாமல் விரட்டிவிட்டு, காசு கொடுத்துப் பெட்டியில் தேனீ வாங்கி வைப்பது, இருக்கிற கிணத்தைத் தூர்த்துப்போட்டு லாரித் தண்ணி வாங்குற கதைதான். இதை நம்ம இயக்கத்துக்குள்ளேயே யாராவது சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் காங்கயம், தாராபுரம், மூலனூர் சுற்று வட்டாரம். மழை குறைச்சலான மேட்டுக்காடு. ஆடு மாடு மேயக் கொரங்காடு, கிணற்றில் தண்ணி இருக்கிற வரைக்கும் கொஞ்சம் தோட்டம், அப்புறம் முருங்கை. முருங்கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பூவெடுத்த முருங்கைக் காட்டுக்குள் காலை வெயில் ஏறும் நேரத்தில் போய் நில்லுங்கள். சின்னத் தேனீக்களின் சத்தத்துக்கு நடுவே கனத்த குரலில் ஒரு ரீங்காரம் கேட்கும். நல்ல பருமனான உடம்பு, கருப்பு நிறம், வெயில் பட்டால் நீலமாக மின்னும் இறக்கை. நாம் கருவண்டு என்கிறோம். பெயர்தான் வண்டு, இனத்தில் அதுவும் தேனீதான். காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருப்பதால் தச்சுத் தேனீ என்றும் சொல்கிறார்கள். முருங்கையில் எந்தப் பூச்சி மகரந்தம் சேர்க்கிறது என்று ஆராய்ந்தவர்கள் முதல் இடத்தில் வைப்பது இதைத்தான். பூவுக்குள் தலையை விடும்போதே உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த மரத்துக்குக் கொண்டு போகிறது. காய்க்காத முருங்கைக்கு உரத்தை மாற்றிப் பார்க்கிறோம், மீன் அமிலம் அடிக்கிறோம், பஞ்சகவ்யா அடிக்கிறோம். கருவண்டு வந்ததா என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கத்தரியையும் தக்காளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் மகரந்தப் பை மற்ற பூக்களைப் போலப் பிளந்து கொடுக்காது. நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான். கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒரு மண் தேனீயும் அந்தப் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும். அந்த அதிர்வில், உப்பு டப்பாவைக் குலுக்கினால் கொட்டுகிற மாதிரி, மகரந்தம் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும்தான்; ஆனால் அதிரவிடுகிற தேனீ வந்த செடியில் காய்ப்பிடிப்பு கூடும். துவரைக்கு இலைவெட்டித் தேனீ. இலையில் வட்டமாகக் கத்தரித்தது போல ஓட்டை விழுந்தால் உடனே கரைசல் தெளிக்க ஓடாதீர்கள். பிள்ளைகளுக்கு மெத்தை போட எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இரவில் பூக்கிற புடலைக்கு அந்திப்பூச்சி. மாம்பூவுக்கு, சொன்னால் முகம் சுளிப்பீர்கள், ஈக்கள்.

உலகத்தில் ஏறக்குறைய 20,000 வகைத் தேனீக்கள் இருக்கின்றன. மலைத்தேனீ, பொந்துத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத்தேனீ, வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ என்று நாம் பெயர் சொல்லி அறிந்தவை ஒரு கையில் அடங்கிவிடும். மீதியில் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, நமக்குத் தேன் தராதவை. தேன் தராததாலேயே அவற்றை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நம்ம காய்கறிக்கும் பயறுக்கும் பாதி வேலையைச் செய்வது அவைதான்.

இங்கே ஒரு விஷயம். தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனித குலமே அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக எல்லாப் பயிற்சியிலும் ஒரு ஸ்லைடு போடுகிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அது உண்மையும் இல்லை. நெல் தானே சூல் கொள்ளும். கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் காற்றுப் போதும். வயிறு நிறையும். ஆனால் அந்தத் தட்டில் காய் இருக்காது, பழம் இருக்காது, எள்ளும் சூரியகாந்தியும் குறைந்து எண்ணெய் சுருங்கும். உலகின் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நூற்றுக்கு 75, ஏதோ ஓர் அளவுக்காவது பூச்சிகளையும் பறவைகளையும் நம்பி இருக்கின்றன என்று 2016இல் உலக நாடுகளின் பல்லுயிர் அறிவியல் குழு கணக்குக் கொடுத்தது. இந்த உண்மையே போதும். பொய்யைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

சரி, இவை எங்கே குடியிருக்கின்றன? இந்தக் கேள்விதான் முக்கியம்.

கருவண்டுக்குக் காய்ந்த கட்டை வேண்டும். பட்டுப்போன கிளை, மூங்கில், ஆனைக்கத்தாழை பூத்து முடித்து நிற்கிற தண்டு, பழைய சாளையின் விட்டம். சாளைக்கெல்லாம் தகரம் போட்டாயிற்று. பட்ட மரத்தை ‘எதுக்கு நின்னுக்கிட்டு’ என்று வெட்டி அடுப்புக்குக் கொண்டு வந்தாயிற்று. கருவண்டு கோழி மாதிரி வதவதவென்று குஞ்சு பொரிக்கிற உயிர் அல்ல. ஒரு துளையில் சில அறைகள்தான். ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை ஒன்று, அதன்மேல் ஒரு முட்டை, மரத்தூளால் ஒரு தடுப்பு. அதே துளையைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும். ஒரு முறை ஓர் ஊரில் அற்றுப்போனால் திரும்பிப் பெருகுவதற்கு வெகுகாலம் ஆகும்.

நீலப்பட்டைத் தேனீக்கு வெறும் மண் வேண்டும். உழாத, மூடாக்குப் போடாத, கான்கிரீட் பூசாத மண். ஓடைக்கரைச் சரிவு, வரப்பின் பக்கவாட்டு, பழைய மண்சுவர். தேனீ வகைகளில் பத்தில் ஏழு மண்ணுக்குள் குடியிருப்பவை. நாம்தான் ஒரு அங்குலம் விடாமல் மூடாக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறோம். மூடாக்கு நல்லதுதான், அதற்காக வரப்புச் சரிவையும் மூட வேண்டுமா? கொம்புத் தேனீக்குப் புதர் வேண்டும். மெல்லிய கொம்பில், இலை மறைவில், கையகல அடை கட்டும். கொசுத்தேனீக்கு மரப் பொந்து, சுவர்ச் சந்து.

இத்தனையும் ஒரே இடத்தில் இருக்கிற ஓர் ஏற்பாட்டைக் கொங்கு நாட்டு உழவர்கள் யாரும் பாடம் சொல்லிக்கொடுக்காமலே செய்து வைத்திருந்தார்கள். அதுதான் இட்டேரி.

வேறு மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டித்தடம், அதுதான் இட்டேரி. ஊரிலிருந்து தோட்டத்துக்கும், ஒரு சாளையிலிருந்து அடுத்த சாளைக்கும், கொரங்காட்டுக்கும் போகிற பாதை. வேலி முக்கியமாகக் கிளுவை. இடையிடையே கள்ளி, ஆனைக்கத்தாழை, சூரைமுள், சங்கமுள். அவற்றின்மேல் ஏறிப் படரும் கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை. வேலிக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் வேம்பு, வெள்வேல், இலந்தை, பனை. வேலியோரம் ஆவாரை, எருக்கு, தும்பை, துத்தி, பூளை, ஊமத்தை. யாரும் நட்டதல்ல. குருவி போட்டது பாதி, ஆடு போட்டது பாதி.

பூக்கிற மாதங்களை வரிசையாகப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும். ஆவணி, புரட்டாசியில் வெள்வேலும் இலந்தையும். ஐப்பசி மழைக்குப் பின் தும்பை. குளிர் மாதங்களில் ஆவாரை. எருக்கு வருஷம் முழுக்க. எள்ளோ சூரியகாந்தியோ போட்டால் மூணு நாலு வாரம் காடே பூவாக இருக்கும்; அதற்கப்புறம் தேனீ எதைத் தின்னும்? பயிர் பூக்காத மாதங்களில் அதற்குச் சோறு போட்டது இட்டேரி. அதிலும் ஆவாரையும் எருக்கும் கருவண்டுக்கு மிகவும் வேண்டியவை. ஆவாரம்பூவும் கத்தரிப்பூ மாதிரிதான், அதிரவிட்டால்தான் மகரந்தம் கொட்டும். இட்டேரியில் ஆவாரை, எருக்கு. அதைத் தின்று வளர்கிற கருவண்டு. அது வந்து முருங்கையைக் காய்க்க வைக்கும். ஒன்றை வெட்டினால் இன்னொன்று போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் முன்பெல்லாம் பிள்ளைகள் இட்டேரியில் ஒடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், நாமும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

காட்டுப் பகுதியைப் பாதுகாத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறந்து வரும். சின்னச் சின்னத் தனித் தேனீக்களும் கொசுத்தேனீயும் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். பத்து மைல் தாண்டி நூறு ஏக்கர் காடு பச்சையாக இருந்தாலும் உங்கள் கத்தரிக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் கூப்பிடு தூரத்தில் கொஞ்சம் புதர், கொஞ்சம் வெறும் மண், கொஞ்சம் பட்ட கட்டை இருக்க வேண்டும். இட்டேரி நரம்பு மாதிரி ஊர் முழுக்க ஓடுவதால் அந்த வேலையைச் செய்தது.

இப்போது எங்கள் ஊரில் நடப்பதற்கு வருகிறேன். ஒன்றரை கிலோமீட்டர் நீள இட்டேரி ஒன்றைத் தார்ச்சாலை ஆக்கப் போகிறார்கள். அளந்தாகிவிட்டது. அகலம் போதவில்லை என்று இரண்டு பக்க வேலியையும் ஜேசிபி வைத்து எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வேலி ஒரு பக்கம் ஆறடி அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் முப்பத்தஞ்சு சென்ட் வருகிறது. யாருடைய பட்டாவிலும் இல்லாமல், ஒருத்தரும் தண்ணி கட்டாமல், வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கிற ஒண்ணேகால் ஏக்கர் தோட்டம். அது போகிறது. யாருக்கும் நஷ்டஈடு கேட்கக்கூடத் தோணவில்லை, யாருடையதும் இல்லையே!

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பால் வண்டி வர வேண்டும், பள்ளிக்கூட வேன் வர வேண்டும், ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் சாளை வரைக்கும் வர வேண்டும். இந்தக் கஷ்டத்தை அனுபவிக்காத ஆள்தான் சாலையே கூடாது என்று பேசுவார். நான் கேட்பது, ஒரு பக்கமாக அகலப்படுத்துங்கள். மேற்கு வேலியை எடுத்தால் கிழக்கு வேலியை அப்படியே விடுங்கள். எடுக்கிற கிளுவையைக் கொளுத்தாமல் போத்தாக வெட்டி, புது எல்லையில் மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள். கிளுவைப் போத்து பிடிக்காத மண் எங்கள் ஊரில் கிடையாது. கல்லுக்காலுக்கும் கம்பிக்கும் ஆகிற செலவு இதில் ஆகாது.

இதைச் சொன்னதும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: “ஏனுங் தம்பி, வேலிக்குள்ள மயிலு முட்டை வெக்குது, பன்னி படுக்குது. நிலக்கடலை போட்டா ஒரு கொத்து மிஞ்சறதில்ல. நீங்க தேனீக்கு வக்காலத்து வாங்கறீங்க, எனக்கு யாருங் வாங்கறது?”

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுகிற எந்தச் சூழல் பேச்சும் கிராமத்தில் எடுபடாது. மயிலால் படும் பாடு உண்மை. பன்றியும் உண்மை. ஆனால் பன்றி பகலில் படுப்பது பெரும்பாலும் ஓடையில் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தில். கவாத்து செய்த ஆறடி கிளுவை வேலியில் அல்ல. வேலியை வருஷத்துக்கு ஒரு தரம் கழிக்க ஆள் கிடைப்பதில்லை, அதனால் அது பரந்து புதராகிறது, அதனால் ‘வேலியே வேண்டாம்’ என்கிறோம். பிரச்சினை ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது. தண்டனை வேலிக்குக் கிடைக்கிறது. கழித்த கிளுவைத் தழையை ஆடு தின்னும் என்பதையும் அண்ணனுக்கு நினைவுபடுத்தினேன். மயிலுக்கு என்னிடம் பதில் இல்லை. கம்பி வேலி போட்ட காட்டிலும் மயில் இறங்குகிறது என்பதை மட்டும் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

சீமைக்கருவேலம் பேச்சு வந்துவிட்டது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்த சமயம் ஊரூருக்கு அதை வேரோடு பிடுங்கினார்கள். நானும் அது போக வேண்டும் என்ற கட்சிதான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறெதுவும் பூக்காத வறட்சியில் அது பூக்கிறது, தேனீ அதை நம்பி வாழ்கிறது. ஒரே வாரத்தில் ஓடை முழுக்க வழித்தெடுத்து வெறுந்தரையாக விட்டால் தேனீ பட்டினி. அடுத்த மழைக்கு அதே கருவேலம் இரண்டு மடங்காக முளைக்கும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் அன்றைக்கே வெள்வேலோ புங்கனோ நாவலோ நட்டு, ஆடு தின்னாமல் ரெண்டு வருஷம் காப்பாற்றி, அப்புறம் அடுத்த பகுதி. மெதுவான வேலை. ஜேசிபி வாடகைக்கு வசதிப்படாத வேலை.

இன்னொன்று, மேல்நிலைத் தொட்டியிலும் ஆலமரத்திலும் மலைத்தேனீ கட்டினால் ராத்திரியில் பந்தம் கொளுத்திப் பொசுக்குகிறார்கள். மலைத்தேனீ ஊர் ஊராகப் பருவத்துக்குப் பெயர்கிற உயிர். பூ முடிந்தால் தானே கிளம்பிவிடும், அடுத்த வருஷம் தேடிக்கொண்டு அதே மரத்துக்கு வரும். பள்ளிக்கூட வாசலில் கட்டினால் அப்புறப்படுத்தத்தான் வேண்டும், அதற்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத தொட்டியில் கட்டினால் அதற்குக் கீழே கயிறு கட்டி, பிள்ளைகளைக் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி நம்ம வீட்டுக் கதை. ரசாயனம் அடிக்கிறவர்களை மட்டும் குற்றம் சொல்வது நமக்குச் சுலபமாகிவிட்டது. இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம் போன்ற நஞ்சுகள் விதையில் தடவினாலே செடியின் மகரந்தம், தேன் வரைக்கும் போகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு இவற்றைத் தடை செய்துவிட்டன, நம்ம ஊர் மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் நாம் அடிக்கிற அக்னி அஸ்திரத்தில் என்ன இருக்கிறது? புகையிலை. புகையிலையில் இருப்பது நிகோடின். மேலே சொன்ன நஞ்சுகளின் குடும்பப் பெயரே நியோநிகோட்டினாய்டு. நிகோடினைப் பார்த்துச் செய்தவை. வீட்டில் காய்ச்சியது என்பதால் அது தேனீக்குத் தீர்த்தம் ஆகிவிடாது. பியுவேரியா பேசியானா பூஞ்சணமும் அப்படித்தான். பூச்சியைத் தாக்கத்தான் தெளிக்கிறோம், தேனீயும் பூச்சிதான். எந்தக் கரைசலாக இருந்தாலும் பூவெடுத்த பயிரில் காலையில் தெளிக்கக் கூடாது. பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பிறகு தெளிக்க வேண்டும். அந்தியில் பூக்கிற பீர்க்கு, புடலைக்கு அந்தக் கணக்கும் உதவாது. அதில் பூப் பிடித்த பிறகு தெளிக்காமல் இருப்பதே நல்லது. இதை நம்ம பயிற்சிகளில் கரைசல் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிற அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

பி.ஜி.எஸ். முறையில் சக உழவர்கள் ஒருவர் தோட்டத்தை ஒருவர் வந்து பார்க்கிறோம் அல்லவா? உரக்குழி பார்க்கிறோம், பதிவேடு பார்க்கிறோம், ரசாயன மூட்டை கிடக்கிறதா என்று பார்க்கிறோம். வேலியைப் பார்ப்பதில்லை. நாலு பக்கமும் கல்லுக்கால் நட்டு, வரப்பை மழமழவென்று செதுக்கி, ஒரு பட்ட கட்டைகூட இல்லாமல் வைத்திருக்கிற தோட்டத்துக்கு ‘ரொம்பச் சுத்தமா வச்சிருக்கார்’ என்று பாராட்டிவிட்டு வருகிறோம். அந்தச் சுத்தம் யாருக்கு? நஞ்சில்லாத விளைச்சல் அவருக்கு உண்டு. தேனீக்கு அங்கே படுக்க இடமில்லை. அடுத்த முறை போகும்போது எங்கள் குழு மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கப்போகிறது: உயிர்வேலி எத்தனை அடி இருக்கிறது, செதுக்காத வரப்பு எந்தப் பக்கம், காய்ந்த கட்டை எங்கே நிற்கிறது. இதற்கு மதிப்பெண் கிடையாது, சும்மா கேட்கப்போகிறோம். கேட்டாலே அடுத்த வருஷம் ஏதாவது மாறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.

பெட்டி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் பெட்டித் தேனீ செழிக்கிறதென்றால் அங்கே ரப்பர் இருக்கிறது, தென்னை இருக்கிறது, மழை இருக்கிறது. பூவைத் தேடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறது. எங்கள் மேட்டுக்காட்டில் பூ இல்லாத மாதத்தில் இந்தியத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும். அதைத் தங்கவைக்கச் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும். இந்தப் பெட்டித் தேனீக்கு அடிப்படை பொந்துத் தேனீதான். பெட்டியில் குடியேற்ற இன்றும் மரப்பொந்திலும் புற்றிலும் பிடித்துத்தான் வருகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் நச்சுயிரி வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் செத்ததைப் பழைய தேனீ வளர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இனத்தை நம்பி இருப்பதன் ஆபத்து அது. ஆகவே, வேலியும் பூவும் உள்ளவர்கள் பெட்டி வாங்குங்கள். இல்லாதவர்கள் அந்தக் காசுக்கு முதலில் கிளுவைப் போத்து நடுங்கள்.

தனியாள் தன் தோட்டத்தில் செய்வது ஒரு அளவுக்குத்தான். இட்டேரி, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால், குளத்துக்கரை, கோயில் காடு எல்லாம் ஊர்ச் சொத்து. அங்கே பேச வேண்டிய இடம் கிராமசபை. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு மதுரை அரிட்டாபட்டியைக் காட்டுகிறேன். 2022இல் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதல். அப்புறம் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராகக் கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், சாலையில் நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் அஞ்சு எக்டேர்கூட வராத ஒரு கோயில் காட்டையும் 2025இல் அதேபோல அறிவித்திருக்கிறார்கள். அளவு சின்னது என்று யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரில் உள்ள உயிர்களைப் பற்றி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் ஊரில் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் கேட்டபோது குழுவில் பெயர் இருந்த ஒருவருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. அதில் நாம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பதிவேட்டில் இட்டேரியையும், அதில் எத்தனை வகைத் தேனீ என்பதையும் எழுத வைக்கலாம். கருவண்டைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே காலையில் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த கிராமசபைக்கு நாங்கள் ஏழு பேர் மனு எழுதி வைத்திருக்கிறோம். இட்டேரியை ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்துவது, எடுத்த வேலிக்கு ஈடாக அதே நீளத்துக்குக் கிளுவை நடுவது, ஓடைக்கரையில் களைக்கொல்லி அடிக்காமல் இருப்பது, நூறு நாள் வேலையில் வரப்பும் கரையும் செதுக்கும்போது ஒரு பக்கத்தை விட்டு ஒரு பக்கம் செதுக்குவது. நாலே நாலு கோரிக்கை. மயிலால் அவதிப்படுகிற அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கிழக்கு வேலியை வருஷா வருஷம் ஊராட்சி கழித்துத்தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி. சேர்த்திருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் மனு எழுதுவதாக இருந்தால் இட்டேரி, ஓடை என்று பொதுவாக எழுதாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் புல எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் எந்த இட்டேரி என்று கேட்டே மனுவை ஓரம் கட்டிவிடுவார்கள். ரெண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.